ஆண்டிக் கோலமும் ஒரு ஏக்கர் நிலமும்: திண்டுக்கல் சமவெளியில் ஆசை துறத்தல் குறித்து

1. கேள்வி

பழனி மலைமேல் விடியற்காலை விளா பூஜைக்குத் தண்டாயுதபாணி சாதுக் கோலத்தில் நிற்கிறார். சிறுகாலசந்திக்கு வேடன். காலசந்திக்குப் பாலசுப்பிரமணியர். உச்சிக்காலத்துக்கு வைதீகர். மாலை சாயரட்சைக்குக் கிரீடமும் பட்டும் பூண்ட ராஜா. ஆண்டி என்று பெயர் வாங்கிய சாமி ஒரே பகலுக்குள் அரசனாகவும் ஆகிவிடுகிறார். இந்த வரிசையைப் பார்த்து யாரும் திகைப்பதில்லை. ஆனால் அடிவாரத்துப் படக்கடை ஒன்றில் சற்று நேரம் நின்றால் வேறொன்று கண்ணில் படும். இரண்டு கோலத்துப் படமும் கடையில் தொங்கும்; வீட்டுப் பூஜை அறைக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ராஜ அலங்காரத்தைத்தான் கேட்பார்கள். ஆண்டிக் கோலத்தை வீட்டில் மாட்டினால் வீடும் ஆண்டியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்லிவரும் நம்பிக்கை. படியேறிப் போய் அந்தக் கோலத்தைக் கண்ணீர் மல்கக் கும்பிடலாம். வீட்டுக்குக் கூட்டி வரக்கூடாது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. துறவு வேறு, இல்லாமை வேறு என்று பட்டுத் தெரிந்துகொண்ட மக்களின் எச்சரிக்கை இதற்குள் இருக்கிறது. மானாவாரிச் சோளமும் கடலையும் மழையை நம்பி விளையும் இந்தச் சமவெளியில், வெறுங்கையோடு நிற்பது என்ன என்பதை யாரும் நூலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆசையைக் குறைத்து, அடக்கத்தோடு வாழ்ந்தால் மனம் அமைதி பெறும் என்ற எண்ணம் தமிழ்ச் சிந்தனையில் மிகப் பழையது. அது உண்மையா என்று கேட்பதைவிட, அது யாரிடம், எந்த நிலையில், என்ன பொருளில் உண்மையாகிறது என்று கேட்பதே பயனுள்ளது என்று கருதுகிறேன். இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் திண்டுக்கல் மாவட்டத்து அனுபவங்களை வைத்து ஆராய்கிறது. முதலில் நூல்கள் செய்யும் பாகுபாட்டையும், அடுத்துப் பழனியாண்டி மரபையும் பார்க்கலாம். பின்னர் இந்த மண்ணில் வேரூன்றிய காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். என் முடிவுக்கு அடிப்படை அந்த வாழ்க்கைதான்.

2. நூல்கள் செய்யும் பாகுபாடு

திருக்குறளில் துறவும் வறுமையும் ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. துறவு 35-ஆம் அதிகாரம், அவாவறுத்தல் 37-ஆம் அதிகாரம். இரண்டும் அறத்துப்பாலில் துறவறவியலைச் சேர்ந்தவை. நல்குரவு என்னும் வறுமை 105-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வருகிறது. அதையடுத்து இரவும் இரவச்சமும் வருகின்றன. அவாவை விட்டவனின் மகிழ்ச்சியைத் தடையின்றிப் பேசிய அதே ஆசிரியர், நல்குரவு அதிகாரத்தில் வறுமையைக் கொடுந்துன்பம் என்று மட்டுமே பேசுகிறார். அதில் ஆன்மிக நன்மை எதையும் அவர் தேடவில்லை. பிச்சையெடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்ற நிலை ஒருவனுக்கு வந்தால், உலகைப் படைத்தவனையே சபிக்கும் அளவுக்கு இரவச்சத்தில் அவர் கொதிக்கிறார். இல்லாதவனிடம் ஆசையை விடு என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. குறளை வைத்து எளிமையைப் போதிக்கும் மேடைப்பேச்சுகளில் இந்த அதிகார இடைவெளி மறைந்துபோகிறது.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. அடக்கமுடைமை 13-ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இருக்கிறது. துறவிக்கு முன்பாகவே குடும்பத்தாருக்கு அடக்கம் வேண்டும் என்று ஆகிறது. அவாவறுத்தல் ஒரு கடைசிப் படி என்றால் அடக்கம் அன்றாடப் பழக்கம். 'ஆசையை விடு', 'அடங்கி இரு' என்ற இரண்டு அறிவுரைகளையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் பேச்சு வழக்கு. குறளின் அமைப்பு அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது.

மணிமேகலை இந்தப் பாகுபாட்டை வேறு திசைக்குக் கொண்டுபோகிறது. பௌத்தத்தின் பன்னிரு சார்புகளைத் தமிழில் அடுக்கும்போது, அக்காப்பியம் வேட்கையையும் பற்றையும் இரு தனிக் கண்ணிகளாகச் சொல்கிறது: வேட்கை முதிர்ந்து பற்றாகிறது, பற்று பிறவிக்கு வழிவிடுகிறது. பாலி மரபோ வேட்கையைத் தண்ஹா என்றும், நல்லதைச் செய்யும் விருப்பத்தைச் சந்த என்றும் பிரித்துப் பேசுகிறது. எல்லா விருப்பமும் நோயாக எண்ணப்படவில்லை. கணிகையர் குலத்தில் பிறந்து துறவை நாடிய மணிமேகலையின் கையில் காப்பியம் முதலில் கொடுப்பது அமுதசுரபி என்னும் பாத்திரம். தவத்தில் ஆழ்வதற்கு முன்பே அவள் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அறம் என்பது உணவும் உடையும் உறையுளும் என்று அந்நூல் வரையறுக்கிறது. துறவு நூல் ஒன்று அறத்துக்குத் தரும் விளக்கத்தில் வீடு கட்டித் தருவதும் இடம்பெறுகிறது என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பிறகு அதற்கு வருவேன்.

3. பழனியாண்டியும் சமவெளிச் சாமியார்களும்

ஞானப்பழக் கதை எல்லாருக்கும் தெரிந்தது. பழம் தனக்குக் கிடைக்காத கோபத்தில் முருகன் எல்லாவற்றையும் உதறி, கோவணத்தோடு தண்டு ஏந்தி மலையில் வந்து நின்றான். ஊர்ப்பெயருக்கே 'பழம் நீ' என்று விளக்கம் சொல்வதும் இந்தக் கதையை ஒட்டித்தான். பக்தி மரபு இதைத் துறவின் உச்சம் என்று கொண்டாடுகிறது. கதையின் எலும்பை மட்டும் பார்த்தால், கேட்டது கிடைக்காமல் பிறந்த துறவு இது. ஆசை அறுந்து அமைதி வந்த கதை என்று இதைப் படிப்பது கடினம். மறுக்கப்பட்ட ஆசை மனவருத்தமாகி, பிறகு மெல்லக் கனிந்து ஞானமான கதை என்றால் பொருந்துகிறது.

இலக்கியச் சான்றும் இந்த ஐயத்துக்குத் துணை நிற்கிறது. மலையடிவாரத்து ஆவினன்குடியைப் பாடும் திருமுருகாற்றுப்படையில் முருகன் ஆண்டியாக வருவதில்லை. துணைவியோடு சில நாள் தங்குகிறான். மரவுரி உடுத்து, பகை நீங்கிய நெஞ்சோடு அங்கே வருபவர்கள் முனிவர்கள். துறவு வணங்க வந்தவர்களிடம் இருந்தது. பின்னர்தான் அது தெய்வத்தின் மேனிக்கு ஏறியது. ஆண்டிக் கோலம் காலப்போக்கில் இந்த மண் தன் தேவைக்குச் செதுக்கிக்கொண்ட உருவம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

அந்தத் தேவை என்ன என்பதை முடிக்கொட்டகையில் உணரலாம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் இடுப்பளவு கூந்தல் கற்றை கற்றையாக விழுகிறது. அவள் அழுவதில்லை; விழுந்ததைக் கையால் ஒதுக்கி விடுகிறாள். மழித்து முடிந்ததும் குளிர்ந்த சந்தனத்தை உச்சியில் குழைத்துத் தடவும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். எழுந்து வரும்போது அவள் முகத்தில் இருக்கும் தெளிவைப் பலமுறை கண்டிருக்கிறேன். அழகு என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒன்றைத் தானாகக் கொடுத்த தெளிவு அது. கூடவே இதையும் சொல்லியாக வேண்டும்: பெரும்பாலான மொட்டைகளுக்குப் பின்னால் ஒரு வேண்டுதல் இருக்கிறது. பிள்ளை பிழைக்க வேண்டும், கடன் தீர வேண்டும், கல்யாணம் கூட வேண்டும். சாமானியர்கள் ஆசையைத் துறப்பதில்லை. ஓர் ஆசைக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகக் காவடி சுமந்து நடப்பவர்களின் கால் கொப்புளத்திலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. அதைக் குறைவாக நான் மதிக்கவில்லை.

முழுத் துறவிகளும் இந்தச் சமவெளியில் இருந்திருக்கிறார்கள். கசவனம்பட்டியில் உடையும் பேச்சும் இல்லாமல் வாழ்ந்து சமாதியான மௌனகுரு சுவாமிகளும், எப்போதும் மூட்டையோடு திரிந்ததால் அந்தப் பெயரே பெற்ற கணக்கன்பட்டி மூட்டை சுவாமிகளும் மக்கள் மனதில் ஆழமாக இருக்கிறார்கள். அவர்களுடைய உள்ளத்து அமைதியைப் பற்றி நமக்குக் கிடைப்பவை அடியவர் சொல்லும் அற்புதக் கதைகள் மட்டுமே. மௌனத்தை ஆராய்ச்சிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர்களை வணங்கி மேலே செல்கிறேன்.

4. ஒரு திருமணம், இரண்டு துறவு

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையையும் தொப்பியையும் விட்டு அரைமுழத் துணிக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் தந்த பதில் அது. கால் நூற்றாண்டு கழித்து, 1946 பிப்ரவரியில், அரிசனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட மதுரைக் கோயிலுக்கும் பழனிக்கும் அவர் வந்தார். மலைமேல் இருந்த ஆண்டிக்கும் மலைக்கு வந்த கிழவருக்கும் உடை ஏறக்குறைய ஒன்றுதான், காரணம் வேறு. ஒருவர் தனக்கு மறுக்கப்பட்டதால் துறந்தார். மற்றவர் பிறருக்கு மறுக்கப்பட்டதால் துறந்தார். இந்த இரண்டாம் வகைத் துறவு அடுத்த ஆண்டே இந்த மாவட்டத்தில் ஊன்றிக்கொண்டது. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்து, மருத்துவம் படித்த சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

நான் நின்று பார்க்க விரும்புவது சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்த ஒரு பெண்ணை. கிருஷ்ணம்மாள் 1926 ஜூன் 16-ல் திண்டுக்கல் மாவட்டம் அய்யங்கோட்டையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். தாய் நாகம்மாள் நிறைமாதக் கர்ப்பத்திலும் வயலில் குனிந்து வேலை செய்ததைப் பார்த்தது தன்னை உருவாக்கியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சங்கரலிங்கம் ஜெகந்நாதன் 1914-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930-ல் கல்லூரிப் படிப்பை விட்டார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். நாடு விடுதலை அடைந்த பிறகே திருமணம் என்று உறுதி எடுத்திருந்தார். இருவருக்கும் 1950-ல் திருமணம் நடந்தது.

இந்த இணையரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக 'எளிமையான தம்பதி' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு சொல் இரு வேறு வரலாறுகளை மூடிவிடுகிறது. ஜெகந்நாதனிடம் விடுவதற்குச் சொத்தும் சாதியும் படிப்பும் இருந்தன. விட்டபோது ஊர் அதைக் கண்டது, மதித்தது. கிருஷ்ணம்மாளின் குடும்பத்திடம் விடுவதற்கு என்ன இருந்தது? பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீட்டில், நிலமில்லாத தாயின் மகள் எதைத் துறப்பாள்? அவர் விட்டது பின்னால் கையில் வந்த ஒன்றை. பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்த ஒரு தலித் பெண்ணுக்கு 1950-களில் அரசுச் சம்பளம் என்பது ஒரு குலமே கரையேறும் தோணி. அந்தத் தோணியில் ஏறாமல் அவர் பூதானம் என்னும் நிலக்கொடை இயக்கத்தின் நடைப்பயணத்துக்கு வந்தார். கணவர் விட்டது குடும்பச் சொத்து. அவர் விட்டது தன் உழைப்பால் முதன்முறையாகக் கைக்கு எட்டிய பாதுகாப்பு. இந்த இரண்டாவது துறவு மேலும் கடினமானது என்பது என் எண்ணம்.

வினோபா 1951 ஏப்ரல் 18-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதானம் தமிழகத்துக்கு வந்தபோது, ஜெகந்நாதன் அதன் முன்னணியில் நின்றார். வத்தலக்குண்டில் ஊழியரகம் அமைந்தது. காந்தியை ஆதரித்ததற்காகப் பிரிட்டிஷ் அரசால் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு, மீண்டும் வந்து இங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கப் பாதிரியார் ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தானும் இந்தப் பணியில் பங்கேற்றார். ஊர் ஊராக நடந்து நிலம் கேட்பதுதான் வேலை. துறவியின் பிச்சைப் பாத்திரம் இங்கே வேறு ஒன்றாகிவிட்டது. தன் சோற்றுக்காகக் கையேந்தாமல் இன்னொருவரின் வயலுக்காகக் கையேந்துகிறார்கள். கேட்பவருக்கு அதில் ஒரு பிடி மண் கிடைப்பதில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தலித்துகள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு இருவரும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். பூதானத்தின் வேகம் தேய்ந்து வந்த காலம் அது. நிலவுடைமையாளரின் மனம் கனியும் என்று காத்திருப்பது போதாது என்பதை அந்தச் சாம்பல் அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். 1981-ல் 'லாஃப்டி' என்று அறியப்படும் உழுபவரின் நில உரிமை இயக்கம் உருவானது. முறை இதுதான்: நிலவுடைமையாளரோடு உட்கார்ந்து பேசி விலை முடிப்பது, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, பத்திரச் செலவில் அரசிடம் சலுகை வாங்குவது, வீட்டுப் பெண்ணின் பெயரில் ஏறக்குறைய ஒரு ஏக்கராகப் பதிவு செய்வது. இப்படி ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலமற்றவர் கைக்கு மாறியது. பிறகு மண்குடிசைகளுக்குப் பதிலாக வீடு கட்டும் வேலையையும் கிருஷ்ணம்மாள் கையில் எடுத்தார். உணவு, உடை, உறையுள் என்ற மணிமேகலையின் வரையறையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணம்மாள் மணிமேகலையைப் படித்து இதைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய மூலம் வள்ளலார். அருட்பெருஞ்சோதி வழிபாடும் விளக்கேற்றுதலும் அவர் போராட்டத்தோடு பிரியாதவை. 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கி, பசியாற்றுவதையே வழிபாட்டின் முதல் படியாக வைத்த வள்ளலாரிடமிருந்து, நிலம் வாங்கித் தருவதையே தவமாக வைத்த கிருஷ்ணம்மாள் வரை வரும் கோடு தெளிவாகவே இருக்கிறது. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஒரு பற்றை விட இன்னொரு பற்றைப் பிடிக்க வேண்டும் என்ற யோசனை உண்டு. உரையாசிரியர்கள் அதை இறைப்பற்று என்று விளக்குவார்கள். கிருஷ்ணம்மாளிடம் அந்த இறைப்பற்று நிலத்தின் மேலுள்ள பற்றாகவும் இருந்தது, பிறர் நிலத்தின் மேல்.

இவர்கள் அமைதியாக இருந்தார்களா? இத்தாலியப் பெண் எழுத்தாளர் லௌரா கோப்போ இருவரிடமும் கேட்டுப் பதிவு செய்த நூல், 'சுதந்திரத்தின் நிறம்' என்ற தலைப்பில் தமிழிலும் கிடைக்கிறது. அதில் சிறையும் மறியலும் பட்டினியும் பிரிவும் பக்கம் பக்கமாக வருகின்றன. கொந்தளிப்பு இல்லாத வாழ்க்கை என்ற பொருளில் அதில் அமைதி இல்லை. ஆயினும் தோற்றபோது கசந்துபோகாத ஒரு நிலை அந்த நினைவுகளில் இருக்கிறது. எதிரியோடு மறுநாளும் உட்கார்ந்து பேச முடிந்த மனம் அது. தனக்கென்று எதையும் கேட்காததால் இழப்பதற்கும் அஞ்சுவதற்கும் குறைவாகவே இருந்தது. ஆசை அழிந்ததால் இந்த அமைதி வந்தது என்று சொல்ல முடியாது. எழுபது வயதுக்கு மேலும் ஏக்கர் கணக்கில் ஆசைப்பட்டவர்கள் இவர்கள். ஆசையிலிருந்து 'எனக்கு' என்ற சொல் மட்டும் நீங்கியிருந்தது.

5. எதிர்க்குரல்கள்

இந்த விளக்கத்துக்கு மூன்று தடைகள் உண்டு. மூன்றும் ஒரே எடையில் இல்லை.

மிகக் கனமானது அம்பேத்கருடையது. 1945-ல் வெளியான 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்ற நூலில், காந்தியத்தின் எளிமைப் போதனையை அவர் கடுமையாக எதிர்த்தார். எந்திரமும் ஓய்வும் பண்பாடும் ஏழைக்கும் உரியவை; இயற்கைக்குத் திரும்பு என்பது பெருந்திரளான மக்களை வறுமைக்கே திருப்பும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். தாழ்த்தப்பட்டவனிடம் அடக்கத்தைப் போதிப்பது, பல நூற்றாண்டுகளாக அவனை அடக்கி வைத்தவர்கள் பேசிய அதே பேச்சுத்தான். 'அடக்கம்' என்ற சொல்லுக்குத் தமிழில் அடக்கப்படுதல் என்ற நிழலும் இருக்கிறது. தோளில் துண்டு போடாதே, செருப்பணிந்து தெருவில் நடக்காதே, நிமிர்ந்து பதில் பேசாதே என்றெல்லாம் சட்டம் வைத்தவர்கள் அதற்குக் கொடுத்த பெயரும் அடக்கம்தான். கிருஷ்ணம்மாள் இந்தப் பொறியில் சிக்காததற்குக் காரணம், அவர் நிலமற்ற பெண்களிடம் எளிமையைக் கேட்கவில்லை. தான் எளிமையாக இருந்து அவர்களுக்குச் சொத்துக் கேட்டார்.

இரண்டாவது, வறுமைக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு பற்றிய அறிவியல் ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. ஒரே விவசாயி அறுவடைக்கு முன் கையில் பணமில்லாதபோதும், அறுவடைக்குப் பின் பணம் வந்தபோதும் சிந்தனைச் சோதனைகளைச் செய்தார். பணமில்லாத காலத்தில் அவர் கவனமும் சிந்தனைத் திறனும் குறைந்திருந்தன. ஆள் மாறவில்லை. கடனும் தட்டுப்பாடும் மனதின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆய்வு அளந்தது கவனத்தை, அமைதியை அளக்கவில்லை. அதன் விளக்கம் பற்றி ஆய்வாளரிடையே விவாதமும் உண்டு. இருந்தாலும் நம் கேள்விக்கு அது நேராக வந்து நிற்கிறது. அடுத்த வேளைக்கு வழி தெரியாத மனதுக்கு ஆசையைத் துறக்கும் ஓய்வு கிடையாது. மறுபுறம், 1970-களில் பிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களிடம் செய்த ஆய்வில், அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்று தெரிந்தது. கீழே ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழ் அமைதி நிற்காது. அந்த எல்லைக்கு மேலே போனபின், குவிப்பது அமைதியைக் கூட்டுவதாகவும் தெரியவில்லை.

மூன்றாவது தடை பூதானத்தின் குறைகள். தானமாக வந்த நிலத்தில் கணிசமானது பாறையும் புறம்போக்கும் வழக்கில் கிடந்ததும் ஆகும் என்பது நாடு முழுவதும் சொல்லப்பட்ட உண்மை. தமிழ்நாட்டில் 1958-ல் பூதான யக்ஞச் சட்டம் வந்த பிறகும் பங்கீடு மெதுவாகவே நடந்தது. கொடுத்தவர் பலருக்கு மனநிறைவும் புகழும் கிடைத்த அளவுக்கு, வாங்கியவருக்கு விளைச்சல் கிடைக்கவில்லை. விடுவது விடுபவரின் மனதுக்கு நல்லது என்பதோடு கணக்கை முடித்துக்கொண்டால், அது பழனி மலையில் முடியைக் கொடுத்துத் திரும்புவதைப் போன்ற ஒரு தனிப்பட்ட சடங்காகவே நின்றுவிடும். லாஃப்டி காலத்தில் இவர்கள் தானத்தை விட்டுப் பத்திரப் பதிவுக்கு மாறியதை இந்தக் குறைக்கான திருத்தமாகவே பார்க்கிறேன்.

6. அடக்கம் எதில் இருக்கிறது

காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைத் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று அளப்பதை அவர் ஏற்கவில்லை. எளியது, சிக்கலானது என்று அளக்க வேண்டும் என்றார். எளிய வாழ்க்கை உயர்ந்ததாக இருக்கலாம். சிக்கலான வாழ்க்கை தாழ்ந்ததாகவும் இருக்கலாம். அம்பேத்கரின் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. ஆனால் எளிமை என்றால் குறைவு என்ற குழப்பத்தை இது நீக்குகிறது. நல்ல கூரை, நல்ல குடிநீர், பிள்ளைக்குப் படிப்பு எல்லாம் இருக்கும் வீட்டிலும் எளிமை இருக்க முடியும். அடக்கத்துக்கு அடியில் போதுமான அளவு ஒன்று நிச்சயமாக இருக்க வேண்டும்.

அந்த அடக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், செல்வத்தின் அளவில் அதைத் தேட வேண்டியதில்லை என்பேன். தன் பெயரைச் செயலுக்குப் பின்னால் வைக்கும் பழக்கத்தில் அது இருக்கிறது. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, கையில் பையோடு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் புத்தகம் சுமந்து விற்றார். சிற்றிதழ் வாசகர்களுக்கு அவரை நினைவுபடுத்துவது தவறாகாது. சமூகப் பணிக்கும் இலக்கியத்துக்கும் ஒரே மண் தந்த இரு நடைகள் இவை. ராமச்சந்திரன் காந்திகிராமத்தில் மாணவர்களைக் கொண்டு சாந்தி சேனை அமைத்தபோதும் பயிற்சி உள்ளும் புறமுமாகவே இருந்தது. சண்டை நடக்கும் இடத்துக்குப் போய் நடுவில் நிற்பவனுக்குத்தான் மன அமைதி சோதிக்கப்படுகிறது.

7. இன்னும் கேட்க வேண்டியவை

2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இந்த இணையருக்குக் கிடைத்தது. கிருஷ்ணம்மாளுக்கு அப்போது 82 வயது. அதற்கு முன், கீழத்தஞ்சைக் கடலோரத்தில் விளைநிலத்தையும் நிலத்தடி நீரையும் உப்பாக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவருக்கும் 82 வயதுதான். அந்தத் தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைத் தொழிலைத் தடை செய்தது. ஆனால் 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடைக்குள் மீண்டும் வழி திறந்தது. 2013 பிப்ரவரி 12-ல் ஜெகந்நாதன் மறைந்தார். முழு வெற்றியைக் கண்டு முடிந்த வாழ்க்கை என்று சொல்ல முடியாது.

திண்டுக்கல் சமவெளியின் அனுபவத்திலிருந்து நான் வந்தடைந்த கருத்து இதுதான்: ஆசையை விடுவதால் அமைதி வருகிறது என்பது, விடுவதற்கு ஏதேனும் உள்ளவர்களிடம் மட்டுமே உண்மை. அவர்களிடமும், விட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அது நிலைக்கிறது. இந்தக் கருத்துக்கு என்னிடமுள்ள சான்றுகளில் ஒரு குறை இருக்கிறது. அவற்றில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொடுத்தவர்களும் நடந்தவர்களும்தான். நிலத்தைப் பெற்றுக்கொண்ட பெண்ணின் மனதில் அன்றிரவு என்ன இருந்தது, பட்டாவில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தபோது அமைதி வந்ததா, கடன் தவணை பற்றிய கவலை வந்ததா, ஊர்ப் பெரிய வீட்டின் முன்னால் நடக்கும்போது கழுத்து நிமிர்ந்ததா என்பவை நம் நூல்களில் அருகியே வருகின்றன.

1950-களில் பூதான நிலம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கே இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால் அந்தத் திண்ணையில் போய் உட்காருங்கள். யார் கொடுத்தார், எத்தனை சென்ட், இப்போது அந்த நிலம் யாரிடம் இருக்கிறது, அதில் என்ன விளைந்தது என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.